இருபத்து நான்கு பாதங்கள்

சிப்பித்துறை இராயப்பர் கோயிலில் பெரிய வியாழன் சாயங்காலம் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கஸ்பார் மச்சாதுவின் கால்களைச் சாமியார் கழுவி, துண்டால் ஒற்றி, முத்தமிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்த பிறகும் அவை காயவில்லை, பூசை முடிந்தும் காயவில்லை, வீட்டுக்குப் போய் ஃபேனுக்கு நேராக நீட்டிப் படுத்தும் காயவில்லை, அதற்கடுத்த பெரிய வியாழன் வரைக்கும் காயவில்லை. இதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள் ஈரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட ஆரம்பித்தால் வேறு வேலை எதுவும் ஓடாது.

மற்ற ஊர்களில் பாதம் கழுவ யாரையாவது பன்னிரண்டு பேரைச் சாமியாரே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. பன்னிரண்டு தேக்கு நாற்காலிகளில் பதினொன்று பதினொரு குடும்பங்களுக்குச் சொந்தம், அப்பனுக்குப் பிறகு மகனுக்கு. ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு, அவருக்கு முன்னால் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் ஞாபகம். பன்னிரண்டாவது நாற்காலிக்கு யூதாஸ் நாற்காலி என்று பெயர், அதில் உட்கார ஊரில் ஒருவரும் சம்மதிப்பதில்லை. கரண்டு ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவரை, அவர் எந்த மதமாக இருந்தாலும், உங்களுக்கு ஒரு மரியாதை செய்யப்போகிறோம் என்று கூட்டிவந்து அதில் உட்கார வைத்துவிடுவோம். முதல் நாற்காலி, சீடர்களில் மூத்தவரும், சேவல் கூவுமுன் மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்றவருமான இராயப்பரின் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் வீட்டுக்குத்தான் திருவிழாவில் முதல் மாலை.

அந்த நாற்காலி தலைமுறை தலைமுறையாக எஸ்தாக்கி பர்னாந்து குடும்பத்துடையது. அது எப்படிக் கஸ்பாரிடம் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் கடலில் ஒரு சட்டம் உண்டு. இக்கட்டில் மாட்டிய வள்ளத்திலிருந்து துடுப்பில் துணியைக் கட்டித் தூக்கிக் காட்டினால், பார்க்கிறவன் பகையாளியாக இருந்தாலும் வலையை அறுத்துவிட்டுப் போயே ஆகவேண்டும். ஒரு வாடைக்காலத்தில் தனியாகப் போயிருந்த எஸ்தாக்கியின் வள்ளத்தில் இன்ஜின் நின்று, அலை வள்ளத்தைத் தூக்கி அடித்து, இன்ஜினுக்கும் பலகைக்கும் நடுவில் அவருடைய வலது பாதம் நசுங்கிச் சிக்கிக்கொண்டது. அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைத் துடுப்பில் கட்டித் தூக்கினார், கை கடுத்தபோது மறு கைக்கு மாற்றித் தூக்கினார். கஸ்பார் அதைப் பார்த்தார். எங்களுக்கு இது வெகு பின்னால்தான் தெரிந்தது, உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும். கஸ்பாரின் வலையில் அப்போது சீலா மீன் கூட்டமாக விழுந்திருந்தது, கூட வந்த ஆட்கள் முதுகைக் காட்டிக் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், வேறு யாராவது போவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறு யாரும் போகவில்லை. மறுநாள் வெளியூர் வள்ளம் ஒன்று எஸ்தாக்கியைக் கரைசேர்த்தது, ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அதையடுத்து வந்த தவக்காலத்தில் ஊர்க் கமிட்டி கூடியபோது கஸ்பார் எழுந்து, அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர், பாதங்கள் இருபத்து நான்கு, ஒன்று குறைந்தாலும் சடங்கு சடங்காகாது, ஆண்பிள்ளை இல்லாத எஸ்தாக்கியின் நாற்காலியில் நானே உட்காருகிறேன் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் சொன்னதும் நாங்கள் எல்லோரும் தூக்கினோம், பெஞ்சில் இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தூக்கினார்கள். சாமியாரும், ஊரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல், தலையை ஆட்டினார். வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்த எஸ்தாக்கி திரும்பி வீட்டுக்குப் போனார். அந்த வருடம் இராயப்பர் நாற்காலியில் கஸ்பார் உட்கார்ந்தார், கால் காயாமல் போனது அன்றைக்குத்தான்.

முதலில் அதை வேர்வை என்றோம், பிறகு வியாதி என்றோம், பிறகு பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லித்தரும் உபதேசியார் தன் பங்குக்கு, இராயப்பர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இராயப்பரின் கடல் பாதத்தில் இறங்கியிருக்கிறது என்றார், அது எங்களுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார்கள், கஸ்பார் வீட்டு முன் பந்தல் போட்டோம், கஸ்பார் படத்தோடு 'பாதநீர்ப் பாக்கியவான்' என்று ஃபிளக்ஸ் பேனர் கட்டினோம். தையல்காரர் அவருக்குக் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே நிறுத்தித் தைத்துக் கொடுத்தார். வாசலிலிருந்து தெருவழியாக ஒரு வாய்க்கால் வெட்டினோம், பள்ளிக்கூடம் விட்டதும் அதில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். கஸ்பார் பந்தலில் உட்கார்ந்து, தன் குடும்பத்தில் முன்பும் இப்படிப் பக்திமான்கள் இருந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார், சொல்லச் சொல்லத் தண்ணீர் கூடியது, கூடக் கூட நாங்கள் தலையாட்டினோம்.

அவருடைய மனைவி கித்தேரியம்மாள் மட்டும் தலையாட்டவில்லை. அவர் முதலில் துடைத்தார், பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு அடுப்பைச் செங்கல் மேல் ஏற்றினார், அரிசிப் பானையைப் பரணில் ஏற்றினார். ஒரு நாள் வாசலில் அவர் வைத்த முருங்கை பட்டுப்போய் நின்றது. அதன் அடியில் கிடந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர், பந்தலில் கூடியிருந்த எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"உப்புக் கரிக்கி. குடிக்காதிய."

நாங்கள் கேட்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற நல்ல தண்ணிக் கிணறு கரிக்க ஆரம்பித்தபோதுதான் கேட்டோம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இளநீராக இனிக்கிற கிணறு அது, சிப்பித்துறையில் குடிக்கிற தண்ணீர் என்றால் அது ஒன்றுதான், அது இல்லாவிட்டால் இந்த மணலில் மனிதர் குடியிருக்க வழியே இல்லை. வாய்க்காலைக் கடல் பக்கம் திருப்பி வெட்டினோம். தண்ணீர் புது வாய்க்காலில் கொஞ்ச தூரம் போய், நின்று, மேட்டில் ஏறித் திரும்பவும் கிணற்றை நோக்கியே போனது. மணல்மூட்டை போட்டோம், மூட்டைக்கு அடியில் போனது. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கி முதல் வாய் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற வழக்கம் அந்த நாட்களில் எங்களுக்கு வந்தது. பேனர் யாருடைய கையும் படாமல் ஒரு காலையில் காணாமல் போயிருந்தது.

கஸ்பார் பயந்துபோனார், அதை நாங்கள் பார்த்தோம். ஆனால் பயத்திலும் அவருக்குப் பெருமை விடவில்லை. பாவப் பரிகாரம் செய்கிறேன் என்று அறிவித்து, பேண்டு வாத்தியம் வைத்து, மைக் செட் வைத்து, கடற்கரையில் சிலுவை நிற்கிற குருசடியிலிருந்து கோயில்வரை முழங்காலில் நடந்தார். எதற்கான பரிகாரம் என்று மைக்கில் சொல்லவில்லை, பொதுவாகப் பாவி என்றார், எல்லோரும் பாவிகள்தானே என்றும் சேர்த்துக்கொண்டார். முழங்காலில் ரத்தம் வந்தது, ஊர் அழுதது, மறுநாள் தண்ணீர் இரண்டு மடங்காகித் தெரு முழுக்கக் கணுக்கால் ஆழம் நின்றது. பிறகு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே என்ன சொன்னார் என்பது சாமியாருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும், எங்களுக்குத் தெரிந்தது, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரைக்கு அடியிலிருந்து தண்ணீர் பொங்கி வெளியே வந்தது மட்டும்தான். சாமியார் அங்கி நனைந்து, முகம் வெளிறி வெளியே வந்தார். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம், அவர் வாயைத் திறக்க முடியாது, திறக்கவும் இல்லை.

அடுத்த தவக்காலமும் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சோறு வைத்தால் வாயில் வைக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கு வயிறு கழிந்தது, சில வீடுகளில் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். கமிட்டி கூடி, கால் காயாவிட்டால் பெரிய வியாழனோடு கஸ்பார் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தது. ஒரு வருடத்துக்கு முன் அவருக்காகத் தூக்கிய அதே கைகளைத்தான் தூக்கினோம். அந்த முடிவைச் சொல்லத் தலைவரோடு நாங்களும் அவர் வீட்டுக்குப் போனோம், போனவர்கள் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டோம். ஏன் நின்றீர்கள் என்று கேட்காதீர்கள், சிப்பித்துறையில் எல்லோரும் அப்படித்தான் நிற்போம்.

கஸ்பார் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பாதத் தோல் வெளுத்து, சுருங்கி, வெந்ததுபோல உரிந்திருந்தது. கித்தேரியம்மாள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். எஸ்தாக்கி அண்ணன் துணி தூக்குன அன்னைக்கு நம்ம வள்ளம் அந்தப் பக்கந்தான நின்னுச்சு. நீங்க பாத்தியளா?"

"பாக்கல."

தண்ணீர் கித்தேரியம்மாளின் கணுக்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறியது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"பாக்கலன்னு சொல்லுதேம்லா. வெயில் கண்ணக் கூசிச்சு."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி மிதந்து வந்து கித்தேரியம்மாள்மேல் மோதியது. அவர் குரல் உயரவில்லை.

"இன்னும் ஒரு தடவ."

நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த கால்களோடு நின்றோம். பாத்தேன் என்று சொல்ல வாய் எடுத்தவர் ஜன்னலில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டார். "பாக்கல," என்றார். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது, சுவரேறி ஜன்னல் வழியே வழிந்து எங்கள் மேல் கொட்டியது. தரையில் நிற்க இடமில்லாமல் மதில்மேல் ஏறி நின்ற சேவல் ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது கூவியிருந்தால் கதை இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் அது கூவவில்லை, சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. கித்தேரியம்மாள் பரணிலிருந்து தன் துணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது, எங்களுக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் கஸ்பாரின் வாயால் வராதவரை தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

பெரிய வியாழன் வந்தது. பூசைக்குக் கஸ்பார் வருவாரா, வந்தால் உட்காருவாரா என்று ஊரே காத்திருந்தது. வந்தார். அவர் வாசலில் கால் வைத்ததும் தண்ணீர் கோயிலுக்குள் நுழைந்து பெஞ்சுகளின் அடியே பரவியது. நாற்காலிக்காரர்கள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், புதிய கரண்டு ஆபீஸ்காரர் இது வழக்கம் போலிருக்கிறது என்று அமைதியாக இருந்தார், சாமியாரின் பித்தளைத் தாம்பாளம் கையைவிட்டு நழுவி மிதந்து பீடத்துப் பக்கம் போனது. கஸ்பார் இராயப்பர் நாற்காலியின் முன் போய் நின்றார். உட்காரவில்லை. அதன் கைப்பிடிகளில் கை வைத்து, அசைத்துப் பார்த்து, தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். தடுக்கலாமா என்று நாங்கள் சாமியாரைப் பார்த்தோம், சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார், நாங்களும் போனோம்.

எஸ்தாக்கியின் வீடு கிணற்றைத் தாண்டி மணல்மேட்டில் இருந்தது. எல்லாப் பூசைக்கும் வருகிறவர், பாதம் கழுவும் பூசைக்கு மட்டும் வருவதை நிறுத்தியிருந்தார். வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் கஸ்பார் நாற்காலியை இறக்கினார். தண்ணீர் மேட்டில் ஏறி அவர் பின்னாலேயே வந்து நின்றது.

"மச்சான், இது ஒன் நாற்காலி."

"எனக்கு ஒத்தக் காலு," என்றார் எஸ்தாக்கி, ஊசியை நிறுத்தாமல். "கணக்கு இடிக்கும்."

கஸ்பார் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்கு நீ துணி தூக்குனத நான் பாத்தேன். வலையில மீன் கெடந்துச்சு. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன். ஒங் காலு போனது என்னாலதான். காலப் போக்குனவனே காலு இல்லன்னு சொல்லி நாற்காலியையும் புடுங்குனேன்."

ஊசி நின்றது.

"தெரியும்," என்றார் எஸ்தாக்கி. "ஒன் வள்ளத்து மூக்கு ஒரு தடவ என் பக்கம் திரும்பிச்சு. வந்துட்டான், என் மச்சான் வந்துட்டான்னு துடுப்ப எறக்கிட்டேன். நீ திரும்பிப் போனது தெரிஞ்சு மறுபடியும் தூக்குனப்ப மத்த வள்ளம் எல்லாம் தூரமாப் போயிருந்துச்சு."

கஸ்பார் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தார், இந்த முறை பேண்டு வாத்தியம் இல்லை. கையை நீட்டினார்.

"காலக் குடு மச்சான். கழுவுதேன்."

"தொடாத."

கை அந்தரத்தில் நின்றது.

"நீ கழுவுனா அதுவும் ஒனக்குத்தான் பேரு. நாளைக்கு இவனுவ அதுக்கும் ஒரு பேனர் கட்டுவானுவ. எந்திரி. அந்த நாற்காலியில நீயே உக்காரு."

அந்த நாற்காலிக்காக என்னென்னவோ செய்தவர், அதில் உட்காரச் சொன்னதும் எழுந்து ஓர் அடி பின்வாங்கினார். எஸ்தாக்கி காத்திருந்தார். கஸ்பார் உட்கார்ந்தார், விளிம்பில், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப்போகிற பிள்ளைபோல. எஸ்தாக்கி கம்பை ஊன்றாமல், கையால் மணலைத் தள்ளித் தள்ளி நகர்ந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பழைய துண்டு, சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது, துடுப்பில் முடிச்சுப் போட்ட மூலை இன்னும் சுருங்கியே இருந்தது. கஸ்பார் அதைப் பார்த்தார். அன்றைக்கு எட்டத்தில் பார்த்ததை இப்போது மடியருகில் பார்த்தார், காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஆட்டாத," என்றார் எஸ்தாக்கி.

வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, குதிகாலை ஒற்றினார், உள்ளங்காலை ஒற்றினார், விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தார், துண்டு சொட்டச் சொட்ட நனைந்ததும் பிழிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து துடைத்தார். கஸ்பார் வாய்விட்டு அழுதார். அவர் அழுது சிப்பித்துறை பார்த்ததில்லை. கிணறு கரித்ததிலிருந்து அவரை எங்களுக்குப் பிடிக்காமலும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த நேரத்தில் முதல் முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எஸ்தாக்கி துடைத்துக்கொண்டே இருந்தார். இடது பாதத்தையும் துடைத்து இறக்கி வைத்தபோது இரண்டிலும் ஈரமில்லை, வெளுத்துச் சுருங்கிய தோலில் மணல் ஒட்டாமல் உதிர்ந்தது. மன்னித்துவிட்டேன் என்று எஸ்தாக்கி சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிணற்றின் நினைப்பு. கூட்டத்தின் பின்னால் மூட்டையோடு நின்றிருந்த கித்தேரியம்மாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போய் ஒரு வாளி இறைத்தார். கையில் அள்ளி வாயில் வைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கினார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொறஞ்சிருக்கு," என்றார். "ஆனா இன்னும் கரிக்கி."

அது எப்படி என்று கேட்கத் தலைவர் வாய் எடுத்தார், எடுத்தவர் குனிந்து பார்த்தார், நாங்களும் குனிந்தோம். மேட்டில் ஏறி வந்த தண்ணீர் முழுவதையும் மணல் குடித்துவிட்டிருந்தது, கஸ்பாரைச் சுற்றி எல்லாம் காய்ந்து கிடந்தது. நாங்கள் நின்ற இடங்களில் மட்டும், ஒவ்வொருவர் காலடியிலும், மணல் நனைந்திருந்தது. சிலர் காலை மாற்றி வைத்துப் பார்த்தார்கள், வைத்த இடமும் நனைந்தது.

எஸ்தாக்கி துண்டைப் பிழிந்து உதறினார். பிறகுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார், கமிட்டி கூடிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக.

"கை தூக்குனவிய எல்லாரும் வந்திருக்கியள்லா," என்றார். "அடுத்து யாரு?"

கஸ்பார் எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றார். அந்த நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை. கடைசியில் சாமியார்தான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.